செத்த பென்டிரைவும் நசீமாவின் கேள்வியும்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் நசீமாவும் கூட்டாக லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறோம். அவள் கோட்டக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எனக்கு ஸ்க்ரூ டிரைவரில் கை வேகம், அவளுக்கு வாய் வேகம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவளுடைய வாயைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கடையைத் திறந்தவுடனே ஜெனிபர் என்ற பெண் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். வீடும் உப்பளத்தை ஒட்டித்தான்.

“அண்ணா, மத்தியானம் வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்குது. டெஸ்ட் வெக்கிறவங்க குடுத்த சாஃப்ட்வேர போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். ரீஸ்டார்ட் குடுத்தா லோகோலயே நின்னுடுதுண்ணா. பவர் பட்டன அழுத்தி அணைச்சா, போட்டது எல்லாம் பழையபடி போயிடுது.”

“உள்ள ரேம் ஆடுதோ என்னவோ. இல்லன்னா ஃபார்மேட் அடிச்சிடலாம்” என்று சொல்லிக்கொண்டே நான் ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டேன். ஜெனிபரின் முகம் வெளுத்துவிட்டது. ஃபார்மேட் அடித்து எல்லாவற்றையும் திரும்பப் போடுவதற்குள் டெஸ்ட் முடிந்துபோகும்.

“இருங்கண்ணா, அதுக்குள்ள அறுவை சிகிச்சையா?” என்று நசீமா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஏம்மா, ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ணா வருதா?”

“வருதுக்கா. ரீஸ்டார்ட் பண்ணாதான் நிக்குது.”

நசீமாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. ஷட்டவுனில் கரண்ட் முழுக்க அறுந்து, வெளியே சொருகிய பொருளும் அணைந்து எழும். ரீஸ்டார்ட்டில் அது அணைவதே இல்லை. கிறுக்குப் பிடித்த பொருளாக இருந்தால், அதன் பதிலுக்காக லேப்டாப் லோகோவிலேயே காத்துக் கிடக்கும்.

சொருகியிருந்த மவுஸைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் நின்றது. இடது பக்கத்தில் ஒரு பென்டிரைவ் இருந்தது. நானும் அதைப் பார்த்தேன்தான், ஆனால் கருத்தில் படவில்லை. இந்தக் கரையில் பாதி லேப்டாப்புகளில் யூஎஸ்பி ஓட்டையை எதையாவது வைத்து அடைத்திருப்பார்கள்.

“இது எதுக்கும்மா?”

“அது செத்துப்போனதுக்கா. உப்புக் காத்து பூந்துடும்னு அப்பாதான் சொருகி வெச்சாரு.”

“முழுசா சாகல, குத்துயிரா கெடக்குது” என்றபடி நசீமா அதைப் பிடுங்கினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் உலோகம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. ரீஸ்டார்ட் கொடுத்தாள். லோகோ வந்தது, வட்டம் சுற்றியது, பாஸ்வேர்டு கேட்டது. ஜெனிபர் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, டெஸ்ட்டை எங்கள் கடையிலேயே எழுதச் சொல்லிவிட்டோம்.

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவளுடைய அப்பா வந்தார். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மகள் போனில் சொல்லியிருப்பாள் போல. படியேறாமல் வெளியே நின்றபடியே மெதுவாகக் கேட்டார்.

“நான் சொருகினதாலதான் கெட்டுச்சாம்மா?”

நான் ‘ஆமாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். நசீமா முந்திக்கொண்டாள்.

“நீங்க அடைச்சு வெச்சதாலதாங்க அந்த ஓட்டை இன்னும் துருப்பிடிக்காம இருக்குது. அடைச்சது சரி, பொருளத்தான் மாத்தணும்.” பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை அளவாக வெட்டி, ஓட்டையில் பொருந்துகிறதா என்று பார்க்கும்படி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அது பொய்யும் இல்லை. நானும் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பளிச்சென்றுதான் இருந்தது. அவர் அந்த ரப்பர் துண்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு படியேறி வந்து, மகளுக்குத் தெரியாமல் அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். நசீமாவோடு கூட்டுக் கடை வைத்ததற்காக அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஜெனிபருக்கு வேலை கிடைத்தது. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வெளியே சொருகியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள். யார் சொருகினார்கள், எதற்காக என்றும் கேளுங்கள். குறையைச் சொல்லும்போது அந்த ஆள் வாசலில் நின்றுகொண்டிருக்கலாம்.