இல்லை என்று சொன்ன வீடுகள்

மன்னார்ப் பக்கம் முருங்கனுக்கு உள்ளே இருந்த ஒரு குடியேற்றத்தில் சிவபாக்கியத்தை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே பாலர் பள்ளி நடத்தியவள். சண்டையில் கொட்டகை எரிந்துபோன பிறகு, தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலைக்குப் போனாள்.

ஒரு கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "புருசன் உங்களுக்கு அடிக்கிறவரோ?"

இதற்கு யார் வாய் திறப்பார்கள்? மேற்பார்வையாளர் அமிர்தநாயகம் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பதில் சொல்பவள் திரும்பி நின்று ஒரு ரூபாக் காசைச் சுண்ட வேண்டும். சிங்கம் உள்ள பக்கம் விழுந்தால் உண்மை எதுவானாலும் ஆமாம் என்று, அதாவது "ஓம்" என்று சொல்ல வேண்டும். இலக்கம் விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஓம் என்றது காசா, அவளா என்று கேட்டவளுக்கே தெரியாது.

எல்லா வீட்டிலும் "இல்லை" என்றார்கள்.

"ஒருத்தருக்கும் சிங்கம் விழேல்லையோ? காசே பாதிப் பேருக்கு ஓம் சொல்லியிருக்கோணுமே. திரும்பப் போங்கோ பிள்ளை" என்றார் அமிர்தநாயகம்.

நான்தான் பிழையாக விளக்கினேனோ? குழம்பிக்கொண்டே அழகம்மாவின் வீட்டுக்குப் போனாள். மலையகத்திலிருந்து வந்து கூலி வேலை செய்பவள் அழகம்மா.

"டீச்சர், சண்டைக்குள்ள ராணுவம் பண்ண சுற்றிவளைப்புல ஓம்னு சொன்ன ஆளத்தானே ஏத்திக்கிட்டுப் போனாங்க? காசு சொன்னாலும் ஓம் ஓம்தானே?"

சோதனைச்சாவடியில் கேள்வி முடியுமுன்பே "இல்லை" என்று சொல்லிப் பழகியவள்தானே சிவபாக்கியமும்.

"இது ஆமிக்குப் போகாது அக்கா."

"ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

பதில் எழுதிய தாள்கள் மன்னாருக்குப் போகும், பிறகு கொழும்புக்கு. அதற்கப்பால்?

"தெரியாது" என்றாள்.

அழகம்மா அவளையே பார்த்தாள். கையிலிருந்த காசைச் சுண்டாமலே நீட்டினாள்.

"இது வேணாம். ஓம், அடிப்பாரு. இப்ப என்ன செய்வீங்க டீச்சர்?"

பதிலை எழுதப் பழக்கியிருந்தார்கள். கேட்ட பிறகு என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. சிவபாக்கியம் "ஓம்" என்று எழுதினாள்.

நிறுவனத்தின் அலுவலகமான கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"காசு சுண்டாத பதில் கணக்கில சேராது" என்று அமிர்தநாயகம் அதை வெட்டிவிட்டார். அந்தக் குடியேற்றத்தில் கிடைத்த ஒரே உண்மை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் முறைப்படி பார்த்தால் அவர் சொன்னதும் பிழையில்லை போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தாள் ஒன்றும் இல்லாமல் அழகம்மாவிடம் போனாள். வேலிப் படலையைத் தள்ளும்போதும் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.