பெரிதாகத் தைத்த கம்பளிப் பை

பரணிலிருந்து அந்தக் கம்பளிப் பையை இறக்கி உதறினால் இப்போதும் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கிறது. கம்பளி சத்தம் போடாது. பிள்ளை பெற்றவளின் படுக்கையில் விரிப்பார்களே, அந்த ரப்பர் ஷீட்டைப் பையின் அடிப்பக்கத்தில் இரண்டு மடிப்புக்கு நடுவே வைத்துத் தைத்திருக்கிறேன். அது எனக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அவனுடைய பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கும் தெரிந்திருந்தது.

மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் அப்பாவுக்குப் பம்பாயில் ஆபீஸ் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மாமியார் காலமான பிறகு ஊரில், ஸ்ரீவராகத்து வீட்டில், நானும் அவனும்தான். அந்த வயதிலும் அவன் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். தெரு விழிக்குமுன் விரிப்பை அலசி, அடுத்த வீட்டுக் கண்ணில் படாமல் கிணற்றடிக் கொடியில் போட்டுவிடுவேன். அவருக்கு எழுதவும் கூச்சம். என் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டால்? அப்படியிருக்க, சாரணப் பிள்ளைகளைக் குளிருகிற பொன்முடி மலைக்குக் கேம்ப் அழைத்துப்போவதாகவும், ஆளுக்கொரு கம்பளியைப் பை போலத் தைத்துக் கொண்டுவர வேண்டும் என்றும் டிரில் மாஸ்டர் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அன்றே பொன்முடிக்குப் போய்விட்டவன் போல வீடெல்லாம் விசில் ஊதிக்கொண்டு திரிந்தான்.

சாலைக் கடைத்தெருவில் கம்பளிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வேர்வை துடைத்தே வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், எல்லாமே சுட்டது. மெல்லியதென்றால் தூக்க லேசு, ஆனால் குளிரில் இன்னும் நனைப்பான். தடிமனென்றால் சின்னத் தோள் வலிக்கும். கடைசியில் தடிமனானதையே, ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். பை பெரிதாக இருக்கவேண்டும். நனைந்துவிட்டால் வெளியே வராமல் அதற்குள்ளேயே புரண்டு அவன் நிக்கர் மாற்றிக்கொள்ளவேண்டும். அதுதான் என் கணக்கு. தைப்பதை எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு மாமி கேட்டாள்: “ஏண்டி, பொன்முடிக்குப் பிள்ளை போறானா, ஆனை போறதா?”

“உருண்டு உருண்டு படுப்பான் மாமி,” என்றேன்.

புறப்படும் காலையில் மாஸ்டர் வரிசையாக மூட்டைகளை அமுக்கிப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கழுத்தில் எப்போதும் விசில். என் மகனுடைய மூட்டை சரசரத்தது. இன்னொரு முறை அமுக்கினார். “எம்மா, இதுக்குள்ள ஒரு குடும்பமே படுக்கலாமே,” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ரப்பரை வைத்தே காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று வழியெல்லாம் மருகினேன். அவன் இல்லாத நாட்களில் விடியுமுன் எழுந்து, அலச ஒன்றுமில்லாமல், கிணற்றடியில் வெறுமனே நின்றேன்.

பை உலர்ந்தபடியே திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அதை முகத்தோடு சேர்த்தேன். பெரிய ஆள் தலையில் தேய்க்கும் எண்ணெய் வாசனை அடித்தது.

“நான் அதுல படுக்கவே இல்லைம்மா,” என்றான் மகன். “சார் எடுத்துண்டுட்டார். ‘இது என் சைஸ்’னார். எல்லாரும் ஒரே சிரிப்பாக்கும். அவரோட கறுப்புக் கம்பளியை எனக்குத் தந்தார்.”

“எங்கேடா படுத்தே?”

“எல்லாரும் கொட்டகைக்குள்ளதான். நான் சார் பக்கத்துல.”

பார்த்துப் பார்த்துத் தைத்ததை ஒரு வாத்தியார் பிடுங்கிக்கொள்வதா? ஆண்துணை இல்லாத வீடு என்ற இளக்காரமா? மறுநாள் கேட்டுவிடுவதென்று பள்ளிக்கூடத்துக்கே போனேன். டிரில் சாமான் அறைக்குப் பின்னால் கொடியில் ஒரு கறுப்புக் கம்பளி, அலசிப் போட்டது, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் பார்வை போன இடத்தை மாஸ்டர் பார்த்தார்.

“பனியில நனைஞ்சிட்டும்மா. கேம்புன்னா அப்படித்தான், எல்லாம் நனையும்.”

கொட்டகைக்குள் ஏது பனி? “பை... சூடாக இருந்ததா?” என்று மட்டும் கேட்டேன்.

“நல்ல சூடு. திரும்பிப் படுத்தா கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.”

அந்தச் சத்தம் என் மகனிடமிருந்து வந்திருந்தால் பிள்ளைகள் சும்மா விட்டிருப்பார்களா? நன்றி என்று சொன்னால் எதற்கென்றும் சொல்லவேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மகனுக்கு அந்தப் பழக்கம் தானாக நின்றது. மாஸ்டரும் வேலை முடிந்து ஊரோடு போய்விட்டார்.

போன மாதம் மகன் அப்பாவோடு இருந்து படிக்கப் பம்பாய்க்குப் புறப்பட்டான். அங்கே குளிருமா, குளிராதா? எதற்கும் இருக்கட்டுமென்று பையை எடுத்து வைத்தேன். அவன் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்கினான். சரசரத்தது. இரண்டு பேரும் கேட்டோம்.

“இது சார் சைஸாக்கும்,” என்று சொல்லி, மடித்துப் பரணிலேயே வைத்துவிட்டான்.

இன்றும் விடியுமுன் விழிப்பு வந்துவிட்டது. கால் தானாகக் கிணற்றடிக்குப் போயிற்று. கொடி வெறுமையாக இருந்தது. திரும்பி வந்து பையை இறக்கிக்கொண்டு போய் அதில் போட்டேன். காற்று வரும்போதெல்லாம் அது சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.