இரண்டு கோடுகளில் எது முன்னே

எங்கள் கம்பெனியில் ‘ஆசிலோஸ்கோப்’ என்ற பெயரை நாக்கு பிறழாமல் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு பல வருடங்களை ஓட்டிவிட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மசாலாப் பொடி விற்கிறவர்களுக்குப் படம் போட்ட பிளாஸ்டிக் பை செய்து கொடுக்கும் இடம் அது. நான் அங்கே எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ். மற்றவர்கள் ஸ்பேனரோடு நடப்பார்கள். நான் ஸ்கோப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சாமி ஊர்வலம் போல மெதுவாக வருவேன். பார்க்கிறவர்கள் வழி விடுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

பெட்டி பழையது. மூடிப்போன வேறொரு கம்பெனியிலிருந்து ஏலத்தில் வந்தது. சின்னப் பச்சைத் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு சிக்னல்களை மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று காட்டும். ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடித்தான் ஒவ்வொரு கோட்டையும் வரைகிறது. அது எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்கு ஸ்வீப் திருகு, எந்த நொடியில் ஓடத் தொடங்க வேண்டும் என்பதற்கு ட்ரிகர் திருகு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவன் டெக்னீஷியன். புரிந்துகொண்டதாக நினைப்பவன் சூப்பர்வைசர். நான் சீனியர் சூப்பர்வைசர்.

பை வெட்டும் மெஷின்களில் மூன்றாம் நம்பர் அப்போது பேஜார் செய்துகொண்டிருந்தது. படம் அச்சடித்த பிளாஸ்டிக் சுருளாக வரும். ஒவ்வொரு பைக்கும் ஓரத்தில் ஒரு கறுப்புக் குறி இருக்கும். மெஷினில் இருக்கும் சென்சார் கண் அந்தக் குறியைப் பார்த்துச் சொல்ல, சற்றுப் பொறுத்துக் கத்தி இறங்கும். மூன்றாம் நம்பரில் பத்துப் பதினைந்து பைக்கு ஒரு தரம் கத்தி தப்பான இடத்தில் இறங்கியது. ஒரு பையில் அரை இட்லி, அடுத்த பையில் மீதி அரை இட்லியும் சட்னிக் கிண்ணமும். வாங்கும் கம்பெனிக்காரர்கள் அதை ரசிக்கவில்லை.

அந்த மெஷினை ஓட்டியவர் ஒரு அக்கா. மீஞ்சூர்ப் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். பதினோரு வருடமாக அதே மெஷின், அதே காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்ட் ஆட்கள் காலையில் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். காண்ட்ராக்டரின் ஆள் பேர் கூப்பிடுவார். பேர் வந்தால் உள்ளே, வராவிட்டால் வீட்டுக்கு. நிரந்தர ஆட்களான நாங்கள் பக்கத்து வழியில் கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். “பேர் கூப்புட்ற வரைக்கும் தெனமும் வயித்துல புளி கரைக்குது சார், பதினோரு வருஷமா,” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியல் ஹெட் ஆபீசுக்குப் போக இருந்தது. அதில் அவர் பேர் இருந்தது.

புரொடக்ஷன் மேனேஜர் வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். சுருளின் பிரேக்கை ஆபரேட்டர்தான் கையால் திருகி வைப்பார். அதைத் தளர விட்டால் பிளாஸ்டிக் நழுவி வெட்டு தப்பும். அந்த அக்கா பிரேக்கில் கவனமில்லாமல் இருக்கிறார் என்பது மேனேஜரின் சந்தேகம்.

“மிஷின் கோளாறா, ஆள் கோளாறா? நீ பாத்து எழுதிக் குடு. ஆள் கோளாறுன்னா லிஸ்ட்ல நான் எப்டி பேர் வைக்கிறது?”

“ஸ்கோப் போட்டா தெரிஞ்சிடும் சார்,” என்றேன். எக்ஸ்ரே டாக்டர் மாதிரி சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

வண்டி ஊர்வலம் கிளம்பியது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். “இன்னா சார், இதுக்கு ஈசிஜி எடுக்கப் போறீங்களா? நானே சொல்லிட்றேன். கண்ணு கரெக்டா பாக்குது. கத்திதான் அப்பப்ப தூங்கிட்டு எறங்குது.”

“பாக்கலாம்கா,” என்றேன். ஒரு ஒயரைச் சென்சாரில் மாட்டினேன், அது மேல்கோடு. இன்னொன்றைக் கத்தியை இறக்கும் காயிலில் மாட்டினேன், அது கீழ்க்கோடு. மெஷினை ஓடச் சொன்னேன்.

முதலில் திரையில் இரண்டு கோடுகளும் நிற்காமல் இஷ்டத்துக்கு ஓடின. ட்ரிகர் ‘ஆட்டோ’வில் இருந்தது. ‘நார்மல்’ பக்கம் தள்ளினேன். திரை மொத்தமும் இருட்டாகிவிட்டது. பெட்டி செத்துப்போச்சு என்று பயந்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன். ஆபரேட்டர்கள் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டியதையும் ஏதோ ஒரு டெஸ்ட் போல நிதானமாகச் செய்தேன். பிறகு பார்த்தால் ட்ரிகர் லெவல் திருகு ஓரத்துக்குப் போய்க் கிடந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்ததும் பச்சை உயிர் பெற்றது. ஸ்வீப்பைக் குறைத்தேன். சென்சார் குறியைப் பார்க்கும்போதெல்லாம் புள்ளி ஓடட்டும் என்று ட்ரிகரை மேல்கோட்டில் வைத்தேன். சிக்னல் வரும் இடத்தில் கோடு படிக்கட்டு போல ஏறும். மேல்கோட்டில் அந்தப் படி இடது ஓரத்தில் அழகாக நின்றது.

கீழ்க்கோடு நிற்கவில்லை. கத்தியின் படி பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்தது. நடுநடுவே வலப்பக்கம் தாவியது, திரும்பி வந்தது, மறுபடி தாவியது.

இந்த இடத்தில் படிக்கிறவர்களுக்கே விளங்கியிருக்கும். கத்தி தாமதமாக இறங்குகிறது என்பதைத்தான் அந்தப் பெட்டி தன்னால் முடிந்த மட்டும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை. படம் ஆடுகிறது, எனவே என் செட்டிங் சரியில்லை என்றுதான் தோன்றியது. ஆடாத படத்தைத்தானே கல்லூரிப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு கோட்டையும் நிறுத்த அந்தப் பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் மேல்கோடு தன் சிக்னலைப் பார்த்து ஓடத் தொடங்கும், கீழ்க்கோடு தன் சிக்னலைப் பார்த்துத் தனியாக ஓடத் தொடங்கும். அழுத்தினேன். இரண்டு படிகளும் இடது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றன, ஆடவில்லை, அசையவில்லை.

“பாருங்கக்கா. கண்ணு பாக்குற அதே நேரத்துல கத்திக்கு சிக்னல் போவுது. மிஷின் பெர்ஃபெக்ட்.”

அக்கா குனிந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மேல இருக்குறது கண்ணு, கீழ இருக்குறது கத்தியா சார்?”

“ஆமா.”

“கண்ணு பாத்த பொறவுதான கத்தி எறங்கணும்? ரெண்டும் ஒரே நேரத்துல எப்டி சார் வரும்?”

நான் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். “அதெல்லாம் மில்லி செகண்டுக்கா. உங்களுக்குப் புரியாது,” என்றேன். அவர் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. நான் மேனேஜரிடம் போய், மெஷினில் கோளாறு இல்லை, இயக்குபவரின் கையாளுதலைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துப் புள்ளியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினேன். வேலை கும்மிடிப்பூண்டியில், வீடு வேப்பம்பட்டில். இரண்டும் வேறு வேறு ரயில் பாதை, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாற வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று மனையை வாங்கியபோது நான் இதை யோசிக்கவில்லை. நான் யோசிக்காமல் செய்தவற்றில் அது சின்னது. மீஞ்சூரில் இரண்டு பெண்கள் ஏறி எதிரில் உட்கார்ந்தார்கள்.

“ஊட்லருந்து ஸ்டேஷனுக்கு எனக்கு இருவது நிமிஷம்க்கா.”

“எனக்கும் அதே இருவதுதாம்மா.”

“அப்போ ரெண்டு பேரும் ஒண்ணாவா கெளம்புனோம்?”

“நல்லாருக்குதே. நான் எத்தினி மணிக்கு கெளம்புனேன்னு உனக்கு இன்னா தெரியும்?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரவர் கிளம்பிய நேரத்திலிருந்து அவரவர் கடிகாரத்தை ஓட்டினால் எல்லோரும் பூஜ்யத்தில்தான் கிளம்புவார்கள். நான் அழுத்திய பட்டன் அதைத்தான் செய்திருக்கிறது. அந்த நிலையில் கத்தி ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் திரையில் கண்ணோடு சேர்ந்துதான் நிற்கும். எது முன்னே எது பின்னே என்று பார்க்கத்தான் இரண்டு கோடு. அதை மறைத்துவிட்டு, கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த அக்கா பத்தாவதுகூட முடிக்கவில்லை. நான் டிப்ளமோ, அதுவும் முதல் வகுப்பு.

மணி ஆறரை. போனை எடுத்தேன். மேனேஜரின் நம்பரைத் தேடி எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு, அதுவும் தப்பானால்? காலையில் போய் ஒரு தடவை நிச்சயப்படுத்திக்கொண்டு சொல்லலாம், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ரயில் பெட்டியில் பத்துப் பேர் கேட்க “நான் தப்பு பண்ணிட்டேன் சார்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசின் பிரிட்ஜில் ஒரு முறை, ஆவடி தாண்டி ஒரு முறை போனைத் தொட்டேன். தொட்டதோடு சரி.

சனிக்கிழமை முதல் ஆளாகப் போனேன். ஊர்வலம் இல்லாமல், யாரும் வருவதற்குள் வண்டியை ஓட்டமாகத் தள்ளினேன். மெஷினை நானே ஓடவிட்டு, ட்ரிகரை மேல்கோட்டில் வைத்தேன். கீழே படி தாவியது. கண்ணுக்கும் கத்திக்கும் நடுவில் சுவிட்ச் வேலை செய்யும் ரிலேயைக் கழற்றினால், காண்டாக்ட் கரியாகிக் கிடந்தது. அது ஒட்டிக்கொண்டு, மனசு வந்தபோது விட்டிருக்கிறது. புது ரிலே போட்டேன். படி நகரவே இல்லை. அரை மணி நேர வேலை.

மேனேஜருக்கு இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். ‘கருவி தவறாக அமைக்கப்பட்டிருந்த காரணத்தால் முந்தைய அறிக்கையில் பிழை நேர்ந்துள்ளது.’ படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“யாரால அமைக்கப்பட்டிருந்துது?”

“நான்தான் சார்.”

“அத எழுது.”

எழுதினேன். இந்த முறை கீழே கோடு இழுக்கவில்லை.

“லிஸ்ட்டு போச்சுப்பா,” என்றார். “நேத்து ஏழரைக்கு மெயில் அனுப்புனேன். அந்தம்மா பேர எடுத்துட்டுதான் அனுப்புனேன். ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு போன் அடிச்சிருந்தா வச்சிருப்பேன். இனி ஆறு மாசம் கழிச்சிதான்.”

நான் கெஞ்சினேன். அவர் என் எதிரிலேயே ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினார். மேலே ஒப்புதல் ஆகிவிட்டது, அடுத்த லிஸ்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

டீ நேரத்தில் மூன்றாம் நம்பருக்குப் போனேன். காலையிலிருந்து ஒரு இட்லிகூட உடையவில்லை. அக்கா எவர்சில்வர் டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். பட்டனைப் பற்றி, ரிலேயைப் பற்றி, பட்டியலைப் பற்றி, ஆறு மாதத்தைப் பற்றி. அவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“அப்ப கத்திதான் தூங்கிச்சு.”

“ஆமாக்கா.”

“இன்னும் ஆறு மாசம் கேட்ல நிக்கணும்.” அதை என்னிடம் சொல்லவில்லை, கணக்குப் போடுவது போலச் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “மெயிலு நேத்து சாயங்காலம்தான் போச்சுன்னீங்க. அது போன பொறவுதான சார் உங்களுக்குத் தெரிஞ்சுது?”

அவர் கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரு வார்த்தையில் பதில் இருந்தது.

“ஆமாக்கா,” என்றேன்.

“அப்ப உங்க மேல இன்னா சார் தப்பு. நீங்களே வந்து சொன்னீங்க, அதுவே பெருசு. வேற யாருன்னா சொல்லிருப்பாங்களா?” என்று சொல்லி, பக்கத்திலிருந்த காலி டம்ளரை எடுத்துக் கழுவி, தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

வாங்கிக் குடித்தேன்.