கோழிகளுக்கு இரண்டு மஃரிப்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையோரம் என் மாமாவின் கோழிப்பண்ணை இருந்தது. பண்ணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் கம்பிவலை, உள்ளே வெள்ளைக் கோழிகள், நடுவில் தொங்கும் இரண்டு பல்புகள். அறுபதுகளில்தான் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்தது. பினாங்கில் ஒரு கடையில் வருஷக்கணக்காக நின்றுவிட்டு ஊர் திரும்பியவர் மாமா. மாமியோடு அவர் சேர்ந்திருந்த நாட்கள் கொஞ்சம்தான். பண்ணை நிலைத்தால் அவரும் ஊரில் நிலைப்பார். பண்ணை படுத்தால் மறுபடி கப்பல். தை மாதம் வரை உன் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று கடை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

நான் மாமாவின் அக்கா மகன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பார்த்த வேலை எதிலும் நிலைக்காமல் இருந்தவன். மாமா எனக்குக் கொடுத்த வேலை விளக்கு. பொழுது சாயுமுன் பல்பைப் போட வேண்டும். நாங்கள் சாப்பிட்டு முடித்துப் படுக்கப்போகும் வரை அது எரிய வேண்டும். பகல் நீண்டால்தான் கோழி விடாமல் முட்டையிடும் என்பதை மாமா பினாங்கில் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒரு நாள் தவறுனாலும் அதுங்க ஒடம்பு கண்டுபுடிச்சிடும்டா மருமவனே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் நிம்மதி அத்தோடு போயிற்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால், போட்டோமா என்று சந்தேகம் வரும். வெளிச்சம் வாசலிலிருந்தே தெரியும். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தால், பல்பு இந்நேரம் போயிருக்குமோ என்று தோன்றும்.

மாமிக்கு இதெல்லாம் வேடிக்கை.

"அல்லா வச்ச மஃரிப் ஒண்ணு, ஒங்க மாமா வச்ச மஃரிப் ஒண்ணு. பாவம், எதைக் கேட்டுத்தாண்டா தூங்கும் இதுங்க?"

மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது ஊர்க்கோழிகள் எல்லாம் கூண்டில் ஒடுங்கியிருக்கும். எங்கள் கோழிகள் மட்டும் பல்புக்கடியில் தீனி கொத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் விளக்கை எப்படி அணைப்பது என்று சொன்னது மாமிதான். ஆரம்பத்தில் நான் பட்டென்று ஸ்விட்சைத் தட்டிவிடுவேன். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. நின்ற இடத்திலேயே திகைத்து, கம்பில் ஏற முடியாமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தரையில் கிடக்கும்.

"சூரியன் இப்படித்தான் பட்டுன்னு வுழுதா? கொஞ்சங் கொஞ்சமா எறக்குடா."

அன்றிலிருந்து அரிக்கேன் விளக்கை ஏற்றி மாட்டிவிட்டுத்தான் பல்பை அணைத்தேன். பிறகு திரியை மெல்ல இறக்குவேன். கோழிகள் ஒவ்வொன்றாகக் கம்பில் ஏறி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காரும். நாள் முழுவதிலும் என் நெஞ்சு படபடக்காத நேரம் அது ஒன்றுதான்.

முட்டைகள் வைக்கோல் பரப்பிய கூடைகளில் பஸ் ஏறிக் கடலூர் ரொட்டிக்கடைகளுக்குப் போயின. மாமா இரண்டாவது கொட்டகைக்குக் கால் நட்டார். மாமி கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை ஊன்றினார். மாமா ஊரிலேயே தங்கிச் சாப்பிடத்தான் அது என்று எனக்குப் பட்டது.

கார்த்திகையில் காற்றும் மழையும் வந்தன. கிள்ளைச் சாலையில் கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. நான் சிதம்பரத்துக்கு நடந்துபோய் மின்சார ஆபீசில் கேட்டேன்.

"கம்பம் வந்தா கரண்ட் வரும். லாரி பண்ருட்டியில நிக்குது. ஊருக்கே வெளக்கு இல்ல, ஒனக்குக் கோழிக்கு வேணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் மாமா வாடகைக் கடைக்குப் போய்ப் பெட்ரோமாக்ஸ் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"கல்யாணமா பாய்?"

"கோழிக்கு."

"அப்ப மாப்பிள்ளை எந்தச் சேவலு?"

மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்று அந்தியில் பெட்ரோமாக்ஸைக் கொட்டகைக்குள் மாட்டினோம். பம்ப் அடித்ததும் 'உஸ்' என்று இரைந்தது. பாம்பு என்றே கோழிகள் நினைத்திருக்க வேண்டும். அத்தனையும் ஒரே மூலைக்குப் பறந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. மாமியும் நானும் இரு கைகளாலும் அள்ளி அள்ளிப் பிரித்தோம். அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. மாமா விளக்கை வெளியே கொண்டுபோய் மழையில் வைத்துவிட்டு நின்றார்.

அதன்பிறகு கோழிகள் சூரியனோடு அடைந்தன. அந்தச் சூரியனும் மேகத்துக்குள் இருந்தது. ஒருவழியாகக் கரண்ட் வந்து, நான் பல்பைப் போட்டபோது முட்டை நின்றுபோயிருந்தது. கொட்டகைத் தரை முழுக்க இறகு. கழுத்தும் முதுகும் மொட்டையாகக் கோழிகள் ஓரமாக நின்றன. சீக்கு என்று மாமா கால்நடை ஆஸ்பத்திரிக்காரரை அழைத்துவந்தார்.

"சீக்கு இல்ல பாய். பகல் திடீர்னு சுருங்கிப்போச்சில்ல, அதான் எறகு உதுக்குது. மறுபடி மொளைக்கும், மறுபடி முட்ட வைக்கும். ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்குங்க."

"அதுக்குள்ள தை போயிடுமே" என்றார் மாமா.

மாமி கையில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை வந்தவருக்குக் கொடுக்காமலே உள்ளே போனார்.

பண்ருட்டி வியாபாரி ஒருவர் லாரியில் வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டார். நாலைந்தை மட்டும் மாமி விடவில்லை. கப்பல் பிடிக்க நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறும்போது மாமா என் தோளைத் தொட்டார்.

"வெளக்குப் போட மறந்துடாத."

பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது போலிருக்கிறது. ரயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி பல்பைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். கழற்றிய பிறகும் பொழுது சாய்ந்தால் என் கால் ஸ்விட்சைத் தேடிப்போகும். மாசியில் கோழிகளைப் புது இறகு பளபளவென்று மூடிக்கொண்டது. ஒரு நாள் மூலையில் ஒரு முட்டை கிடந்தது. எடுத்துப்போய் மாமியிடம் கொடுத்தேன். சூடு ஆறாத முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமாவுக்கு எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதாத."

முட்டையை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, "பாங்கு சொல்லிட்டாங்க, போய்க் கொட்டகையச் சாத்து" என்றார். போனேன். கோழிகள் ஏற்கெனவே கம்பில் ஏறி உட்கார்ந்திருந்தன.