மூன்று தடவை துரு எடுத்த ரிஞ்ச்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் ஃபிட்டராக இருக்கிறாள் யோகலட்சுமி. ஐ.டி.ஐ.யில் அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஆலையில் எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். தெருவில் கதை வேறு. வாசலுக்கு வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வேணு இருக்கானா? ஒரு ஸ்பேனர் வேணும்" என்பார்கள். வேணுகோபால் அவள் கணவன். பஜாரில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவன். எந்தச் சேலை எந்த ஊர் நெசவு என்று தொட்டுப் பார்த்தே சொல்வான். ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பான்.

"ஸ்பேனர் என்னுது. எங்கிட்ட கேளுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

விடுமுறை நாட்களில் அவள் வெள்ளைத்தாய் நடத்தும் பழைய இரும்புக் கடைக்குப் போவாள். குவியலைக் கிளறி, துருவேறிய கருவிகளில் இன்னும் உயிர் இருப்பதைப் பொறுக்கி வருவாள். குறடு, அரம், சுத்தியல் தலை, எது கிடைத்தாலும் சரி. பின்வாசலில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து அவற்றை மறுபடி வேலைக்கு ஆக்குவாள். அப்படி வந்ததுதான் குழாய் திருகும் அந்தப் பைப் ரிஞ்ச். முழங்கை நீளம், நல்ல கனம். தாடையை ஏற்றி இறக்கும் திருகு துருவில் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் டீசலில் ஊறப்போட்டாள். மறுவாரம் எடுத்து, மரக்கட்டையால் பதமாகத் தட்டித் திருகை அசைத்தாள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். பல்லிடுக்கில் இருந்த கசடை முக்கோண அரத்தால் எடுத்தாள். உள்ளே ஸ்பிரிங் இற்றுப்போயிருந்தது. ஆலையில் கழித்துப்போட்ட ஒன்றை வளைத்து மாட்டினாள். கடைசியில் கிரீஸ் தடவி விரலால் சுண்டினாள். திருகு வழுக்கிக்கொண்டு சுற்றியது. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம்.

அந்த ரிஞ்ச் வீட்டில் தங்கவில்லை.

அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் வேணுவின் பெரியப்பா கண்ணபிரான். அவள் ஆலைக்குப் போயிருந்த நேரம் வந்து ரிஞ்ச்சைக் கேட்டிருக்கிறார். வேணு எடுத்துக் கொடுத்துவிட்டான். அவருக்குக்கூட வேண்டியதில்லை, புதூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவருடைய மச்சினன் மாரிச்சாமிக்காம். கிணற்று மோட்டாரில் குழாய் மாற்ற வேண்டுமாம்.

ஐப்பசி மழை கழிந்துதான் திரும்பி வந்தது. கரிசல் மண் அப்பி, காய்ந்து, கல்லாகியிருந்தது. தட்டிப் பெயர்த்தால் உள்ளே செக்கச் செவேலென்று துரு.

"வரப்புல வச்சுட்டு மறந்துட்டாராம். மழ வந்துட்டாம்" என்றான் வேணு.

"மழ வந்தா ஆட்ட அவுத்துக் கட்டத் தெரியுதுல்லா? இத எடுத்து மோட்டார் ரூம்ல போடத் தெரியலையாக்கும்?"

"எங்கிட்ட ஏன் சத்தம் போடுத? நானா நனைய வச்சேன்?"

"எடுத்துக் குடுத்தது நீங்கதான!"

மறுபடி டீசல், மறுபடி கம்பி பிரஷ். நகக்கண்ணில் ஏறிய துரு சோறு பிசையும்போதெல்லாம் கண்ணில் பட்டு எரிச்சலூட்டியது. தை பிறந்ததும் கண்ணபிரான் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவளிடமே கேட்டார். தர முடியாது என்றாள்.

"இரும்புதான தாயி, தேஞ்சா போயிரும்?" என்று சிரித்தார். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில் வேணு கொடுத்தனுப்பிவிட்டான். பெரியப்பாவிடம் எப்படி இல்லையென்று சொல்வது என்று அவளிடமே திருப்பிக் கேட்டான். அதன்பிறகு எப்போது கேட்டாலும் கண்ணபிரான், "வரும், வரும்" என்பார்.

வந்தது. பங்குனியில், வெள்ளைத்தாய் கடையில், உடைந்த கலப்பைக்கும் தகரத்துக்கும் நடுவே. தான் வளைத்து மாட்டிய ஸ்பிரிங்கைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எக்கா, இது எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"புதூர்லருந்து ஒரு ஆளு மூட்டையாக் கொண்டாந்து போட்டாரு. ஏம்ட்டி, மொகம் ஒரு மாதிரிப் போகுது?"

தான் துரு எடுத்த ரிஞ்ச்சைத் தானே மறுபடி எடைக்கு வாங்கி, பையில்கூடப் போடாமல் கையில் பிடித்தபடி கண்ணபிரான் கடைக்குப் போனாள். தராசில் பருப்பு கொட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இது என்ன தெரியுதா, பெரிய மாமா?"

அவர் தெரிந்துகொண்டார். "அடடா... துருப்பிடிச்சுக் கெடந்திருக்கும்மா. மாரிச்சாமி தெரியாம இரும்போட இரும்பாப் போட்டுட்டான்."

"துரு தானா வந்துச்சா? வாங்கிட்டுப் போகும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சே!"

பருப்பு வாங்க நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யோகலட்சுமி குரலைத் தணிக்கவில்லை. இனி இந்த ரிஞ்ச் வேண்டும் என்றால் கூடவே தானும் வருவேன், தன் கையை விட்டு அது போகாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். இதோடு தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகத் துரு எடுக்க உட்கார்ந்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை, கண்ணபிரான் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "மாரிச்சாமி கெணத்துல குழாய் ஜாயிண்ட் விட்டுப்போச்சு. மொளகாயெல்லாம் வாடுது. நீதான கூட வருவேன்னு சொன்ன? கெளம்பும்மா."

சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. வெயிலில் புதூர் பஸ்ஸில், ரிஞ்ச்சை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கிணற்றடியில் நின்ற மாரிச்சாமி அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"வேணு வரலையா?"

அவள் ரிஞ்ச்சோடு குழாயடியில் குனிந்தாள். ஜாயிண்டைக் கழற்றி, நூல் சுற்றி, முறுக்கி மோட்டாரைப் போடச் சொன்னாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. மாரிச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. கை கழுவப் போன இடத்தில்தான் அவள் பார்த்தாள்: மண்வெட்டி, கோடாரி, களைக்கொத்தி எல்லாம் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் துருவேறிக் கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள். முடியவில்லை.

"மாமா, இங்கன வாங்க. டீசல் இருக்கா? செங்கல் துண்டு இருக்கா? உக்காருங்க."

"நானா?" என்றார் மாரிச்சாமி.

"பின்ன, வேணு வந்து தேய்ப்பாவளா? பெரிய மாமா, நீங்களுந்தான். கோடாரிய எடுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். வேப்பமர நிழலில் அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர்கள் நிறுத்தும்போதெல்லாம், "அந்த ஓரம் போகல, நல்லா அழுத்துங்க" என்றாள். மாரிச்சாமியின் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இந்தக் காட்சியைப் பார்க்க அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மதியப் பஸ் போய்விட்டது. கண்ணபிரானின் வெள்ளைச் சட்டையில் காவி காவியாகத் துரு ஏறியது. அவர் ஒதுங்கிப் போய் ஜவுளிக்கடைக்குப் போன் போட்டார்.

"ஏலே வேணு, ஒம் பொண்டாட்டிய வந்து கூட்டிட்டுப் போலே. எங்கள விடமாட்டேங்கா!"

வேணுவுக்குச் சிரிப்பு வந்ததாம். வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டானாம்.

மாரிச்சாமி திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆடி மாதம் அவருடைய மண்வெட்டி மறுபடி வெளியே நனைந்துகொண்டிருந்ததாகக் கேள்வி. ரிஞ்ச்சை இப்போது யாரும் இரவல் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு தவறாமல் யாராவது வாசலில் நின்று, "யோகம் இருக்காளா?" என்கிறார்கள். யார் வீட்டுக் குழாயோ ஒழுகுகிறது, யார் வீட்டு மோட்டாரோ ஓடவில்லை. இரும்புக் கடைக்குப் போக அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை.

"இதுக்கு ரிஞ்ச்சையே குடுத்திருக்கலாம் போல" என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டுகிறாள்.