வலி: இரண்டு

பிரசவ வார்டில் அவருக்கு மிலிட்டரி அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் போட்ட தலைமை நர்ஸ். மூன்று பிள்ளைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டே பெற்றவர். முதுகில் மெல்லிய குழாய் செருகி வலி மருந்து விடும் முறை வந்தபோது, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எறும்பு கடிச்சாக்கூட ஊசி வேணும்" என்று சிரித்தார்.

அன்று காலை ஆறாம் கட்டிலுக்கு, சிசேரியன் முடிந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி வந்தாள். மயக்க மருந்து டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். "முதுகுக் குழாய்ல ரெண்டு மருந்து சேர்ந்து போகுது சிஸ்டர். ஒண்ணு சட்டுனு பிடிக்கும், சீக்கிரம் விட்டுடும். இன்னொண்ணு மெதுவாப் பிடிச்சு நாள் முழுக்க நிக்கும். வலிச்சாலோ மூச்சு குறைஞ்சாலோ உடனே கூப்பிடுங்க."

பதினொரு மணிக்கு ஆசிரியை, "அக்கா, தாங்க முடியல" என்றாள்.

"ரெண்டு மருந்து ஓடுது, அப்புறம் எங்கேருந்தும்மா வலி? வயித்தைக் கிழிச்சா பூவால தடவின மாதிரியா இருக்கும்?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்று கேட்காமலே, தாளில் 'வலி: இரண்டு' என்று எழுதினார் அக்கா. பன்னிரண்டுக்கும் இரண்டு. ஒரு மணிக்கும் இரண்டு. பிறகு அவள் கூப்பிடவே இல்லை.

மூன்று மணிக்குப் பால் கொடுக்க அவளைத் திருப்பியபோது அக்காவின் கை நனைந்தது. குழாய் முதுகிலிருந்து நழுவிக் கிடந்தது. மருந்தெல்லாம் மெத்தைக்குப் போயிருந்தது. தலையணை உறையில் பல் பதிந்திருந்தது.

அக்கா ஓடிப்போய் டாக்டரை அழைத்தார்.

"எப்போலேருந்தும்மா வலி?"

ஆசிரியை அக்காவை ஒரு தரம் பார்த்தாள். "இப்பத்தான் டாக்டர்."

தாளும் அதற்குத்தான் ஒத்து ஊதியது. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்தது பயம்.

"இல்ல டாக்டர். பதினொண்ணுலேருந்து சொல்லுது. நான்தான் காதுல வாங்கல. இந்த நம்பரெல்லாம் நான் கேக்காமப் போட்டது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழாயை எடுத்துவிட்டு வேறு ஊசி போட்டார். அரை மணியில் ஆசிரியையின் முகம் தெளிந்தது. அக்கா தானே விரிப்பை மாற்றினார்.

"மன்னிச்சுக்கம்மா."

"எனக்குத்தான் பொறுக்கத் தெரியலயோன்னு நெனச்சேன் அக்கா."

அன்றே அக்கா நடந்ததை எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதமும் வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை, யார் வலி என்றாலும் முதலில் முதுகுக்கடியில் கைவிட்டுப் பார்த்தார். புது நர்ஸுகள் ஏன் என்று கேட்டால், "பழக்கம்" என்று மட்டும் சொல்வார்.