குகன் மாமா கோலில் நின்ற கோடை

நோவெண்ணெயின் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோடைகாலச் சனிக்கிழமைகளில் டென்மார்க்கின் ஸ்கீவ நகரிலிருந்து எங்கள் கார் புறப்படும்போது, பின் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த அந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள். அப்பா கண்ணாடியை இறக்கிவிடுவார். பச்சை வயல்களின் காற்று உள்ளே வந்தாலும் அந்த மணம் போகாது. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகும்போதும் என் சட்டையில் அது இருக்கும்.

அப்பாவும் அவர்களும் யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அங்கே கல்லூரி என்பது ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிற பள்ளிக்கூடம்தான். ஆனால் டென்மார்க்குக்கு அகதியாக வந்து, இறைச்சித் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் பேருந்திலும் வேலை பார்த்து முடி நரைத்த பிறகும் அவர்கள் தங்களை அந்தக் கல்லூரியின் பெயராலேயே சொல்லிக்கொண்டார்கள். கோடையில் மூன்று நகரங்களில் மூன்று உதைபந்தாட்டப் போட்டிகள் நடக்கும். ஒவ்வொரு கல்லூரியின் பழைய மாணவர்களும் ஒரு அணி. அணிக்கு ஒன்பது பேர். எங்கள் அணிக்கு அப்பா தலைவர். கோல் காப்பவர் சிவம் மாமா. முன்னுக்கு நின்று அடிப்பவர், ரண்டர்ஸ் நகரில் இருந்த குகன் மாமா. "குகனுக்குக் காலிலை கண் இருக்கு" என்று அப்பா சொல்வார்.

நான் சொல்லப்போவது போர் முடிந்த ஆண்டின் கோடை. எனக்குப் பதினான்கு வயது. குகன் மாமாவின் தாயும் தமக்கையும் போர் நடந்த வன்னியில் இருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவர்களிடமிருந்து, இரண்டு நிமிடம்கூட நீடிக்காத ஒரு அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. நான் நாலு வயதில் இங்கே வந்தவள்; தாய் தகப்பன் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறவள். வீட்டில் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று தெரிந்ததே தவிர, அது என்னவென்று எனக்கு முழுவதுமாக விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அணி எங்கள் வீட்டில் கூடியது. அந்த வருடம் விளையாடுவதா இல்லையா என்பதுதான் பேச்சு. சிவம் மாமா விளையாடக்கூடாது என்ற பக்கம்.

"செத்த வீட்டிலை ஆரும் பந்தடிப்பினமோ, அண்ணை?"

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்டுக்குள்ளையே இருந்தால் எல்லாருக்கும் விசர் பிடிச்சிடும், சிவம். ஆளையாள் பாக்கவெண்டாலும் போவம்" என்றார்.

விளையாடுவதென்று முடிவாயிற்று. கையில் கறுப்புப் பட்டி கட்டுவது, ஒலிபெருக்கியில் பாட்டில்லை, கைதட்டலில்லை, வெற்றிக் கிண்ணமில்லை என்று மற்றக் கல்லூரிக்காரரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் குகன் மாமா தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். பழைய மாணவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள் விளையாடலாம் என்பது விதி. மற்றவர்களின் மகன்மாரோ மிகச் சின்னவர்கள், அல்லது பந்தைத் தொடாதவர்கள். நான் எங்கள் நகரத்தின் பெண்கள் அணியில் மூன்று வருடமாக விளையாடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் பெயரை அப்பா சொல்லவில்லை. தொலைபேசியில் குகன் மாமாதான் சொன்னார்: "உங்கடை மகளை என்ரை இடத்திலை விடுங்கோ, அண்ணை. அவள் என்னைவிட ஓடுவாள்."

ஸ்கீவ நகரில் முதல் போட்டியன்று, ஆண்கள் கல்லூரிக்குப் பெண்பிள்ளை எப்படி விளையாடலாம் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். போட்டியை நடத்தியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதித் தாளை இரண்டு முறை வாசித்தார். "பிள்ளையள் எண்டுதான் எழுதியிருக்கு, பெடியள் எண்டு எழுதேல்லை" என்று சொல்லித் தாளை மடித்து வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று என்னிடமிருந்து பந்தைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் கிட்டப் போனால் பெரிய மனிதர்கள் விலகி வழிவிட்டார்கள். அப்படி விலகிய வழியிலேயே போய் ஒரு கோல் போட்டேன். எங்கள் அணியிலும் ஒருவர் கை தட்டவில்லை. துக்கத்துக்காக அப்படி முடிவு செய்திருந்தார்கள் என்பது மறந்துபோய், என்னை மதிக்கவில்லை என்று நினைத்துக் காருக்குள் போயிருந்து அழுதேன். அடுத்த மாதம் ரண்டர்ஸில் நிலைமை மாறியது. ஒருவர் என்னை இடித்து விழுத்தினார். "நோகுதோ, தங்கச்சி?" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அடுத்த பந்துக்கும் வந்து இடித்தார். முழங்காலில் இரத்தம் வந்தது; எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று இரண்டு கோல் போட்டேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கோடையில் தொலைபேசி மணி அடித்து, அப்பா "குகனோ?" என்று கேட்கும்போதெல்லாம் நான் பயத்தோடு கதவோரம் போய்க் காது கொடுப்பேன். அவருடைய தாயைப் பற்றிக் கெட்ட செய்தி வந்துவிடுமோ என்ற பயமல்ல அது. நல்ல செய்தி வந்து, அவர் திரும்ப விளையாட வந்துவிடுவாரோ என்ற பயம்.

ஆகஸ்ட் மாதம் கோல்டிங் நகரில் கடைசிப் போட்டி. நாங்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது குகன் மாமா தோளில் பையோடு நடந்து வந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அப்பா எழுந்துபோய் அவரோடு கொஞ்ச நேரம் தனியே நின்றார். திரும்பி வந்து, "பிள்ளை, இண்டைக்கு நீ வெளியிலை இரு. மாமா விளையாடட்டும்" என்றார்.

அது என்னுடைய இடம் என்று நான் டெனிஷில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். குகன் மாமா இந்த நாட்டில் இருபது வருடம் வேலை செய்தவர்; அவருக்கு விளங்காமல் போக வழியில்லை. அப்பாவின் முகம் கறுத்தது. அவர் என்னைக் கண்டிக்க வாயெடுக்கும் முன்பே குகன் மாமா அவருடைய கையைப் பிடித்தார்.

"ஓம், அது அவளின்ரை இடந்தான். சிவத்துக்கு முழங்கால் நோவெல்லே. நான் கோலிலை நிக்கிறன்."

சிவம் மாமா கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. பலமான அடியல்ல, புல்லில் உருண்டு வந்த பந்து. அது குகன் மாமாவின் காலுக்குப் பக்கத்தால் உள்ளே போனது. அவர் குனியவில்லை. இரண்டாவதும் அப்படியே. கைகள் இரண்டும் தொங்க, எங்கள் தலைகளுக்கு மேலால் எதையோ பார்த்தபடி நின்றார். எங்கள் ஆட்கள் பந்தை எடுத்துக்கொண்டு நடுவுக்குப் போனார்கள். எனக்குத்தான் கோபம் பொங்கியது. இவர் ஏன் வந்தார், என் போட்டியை ஏன் கெடுக்கிறார் என்று கேட்கவே நான் எங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடினேன்.

அப்போதுதான் எதிரணியின் உயரமான ஒருவர் பந்தோடு என்னைத் தாண்டிப் போனார். அவருக்கும் கோலுக்கும் நடுவில் குகன் மாமா மட்டும்தான். தட்டிவிட்டால் போதும். அந்த உயரமானவர் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினார். குகன் மாமாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, பந்தைத் தன் ஆட்களிடமே பின்னால் அடித்தார்.

அதன் பிறகு அந்தக் கல்லூரிக்காரர் ஒருவரும் எங்கள் கோலுக்கு அடிக்கவில்லை. யாரும் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. பந்தை நடுத் திடலிலேயே வைத்துக்கொண்டார்கள். பறிக்க வந்தால் பறிக்க விட்டார்கள், எங்களவரும் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்கள் மூச்சிரைக்க ஓடினார்கள், ஒரு கோலும் விழாமல். நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. விசில் ஊதும்வரை நான் குகன் மாமாவுக்குச் சற்றுத் தள்ளி, கோலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா சொன்னார். புதன்கிழமை தகவல் வந்திருக்கிறது. தமக்கை முகாமில் உயிரோடு இருக்கிறார். தாய் வரும் வழியிலேயே இறந்துபோக, தெருக்கரையில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று குகன் மாமா கேட்டிருக்கிறார். "வீட்டிலை நிக்கேலாமல் வந்தவன்" என்றார் அப்பா. நான் சொன்னதைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

குகன் மாமா பிறகு பந்தடிக்கவில்லை. கல்லூரிகளின் பெயரில் நடந்த போட்டிகளும் சில வருடங்களில் நின்றுவிட்டன. இப்போது நகரங்களின் பெயரில் அணிகள். பெண்களுக்குத் தனிப் போட்டியும் உண்டு. இப்போது ஆடும் இளையவர்களில் பலருக்குத் தங்கள் தகப்பன் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று தெரியாது. எங்கள் அணியில் சிவம் மாமா காலமாகிவிட்டார். இரண்டு பேர் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

இந்தக் கோடையில் குகன் மாமா அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். சமையலறை மேசையில் அவரும் நானும் மட்டும் இருந்தபோது, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தமிழிலேயே சொன்னேன். நான் சொன்னது எதுவும் தனக்கு ஞாபகமில்லை என்றார். பிறகு அவர் கேட்டது வேறொன்று.

"அண்டைக்கு எத்தினை கோல் விட்டனான், பிள்ளை?"

"ரெண்டு."

"ரெண்டோ? பத்துப் பன்ரெண்டு இருக்கும் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

நான் நடந்ததைச் சொன்னேன். உயரமானவர் பந்தை நிறுத்தியதை, அவர்கள் அடிக்காமல் விட்டதை, எல்லாவற்றையும். அவர் மேசையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஆர் அந்த ஆள்? பேரென்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.